பல வருஷம் தூங்கிய டூரிங் பைக்கை அசல் கெடாமல் எழுப்புவது எப்படி – முழுமையான வழிகாட்டி

பல வருஷம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த பழைய டூரிங் பைக் கைக்கு வந்ததும் நிறையப் பேர் செய்வது ஒன்றுதான். அடுத்த வாரமே மொத்தத்தையும் பிரித்துப்போட்டு, டேங்கையும் மட்கார்டையும் பெயின்ட் அடிக்கக் கொடுத்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஓடுவதற்கும் நிற்பதற்கும் என்ன தேவையோ அதைத் தயங்காமல் புதிதாக்குங்கள். கண்ணுக்குத் தெரிவதை முடிந்தவரை அப்படியே விடுங்கள். கீழே வரும் ஒவ்வொரு வேலையிலும் நான் இந்தக் கோட்டைத்தான் பிடித்துக்கொண்டு போகிறேன்.

என்னிடம் இருப்பது பி.எம்.டபிள்யூ ஆர்75/5. 1969 முதல் 1973 வரை மேற்கு பெர்லினின் ஷ்பான்டாவ் ஆலையில் செய்த /5 வரிசையிலேயே பெரியது. 745 சிசி, 50 குதிரைத்திறன், இரண்டு பக்கமும் கையை நீட்டியதுபோல் படுத்திருக்கும் பாக்ஸர் சிலிண்டர்கள், பின் சக்கரத்தைச் சுழற்றச் செயினுக்குப் பதிலாக ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டு. 1923-இல் மாக்ஸ் ஃப்ரிட்ஸ் வடிவமைத்த ஆர்32-இலிருந்தே இந்தக் கம்பெனியின் அடையாள அமைப்பு இதுதான், நெடுந்தூரப் பயணத்துக்கு இதை விட்டால் வேறு வண்டி இல்லை என்று பலர் அந்தக் காலத்திலேயே இதை நாடியதற்கும் அதுவே காரணம். உங்களிடம் வேறு வண்டி இருந்தாலும் வேலையின் வரிசை மாறாது. அளவுகளை மட்டும் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாருங்கள், எழுதுங்கள்

முதல் வாரம் ஸ்பேனரைத் தொடாதீர்கள். கழுவவும் வேண்டாம். பகல் வெளிச்சத்தில் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். கேபிள் எந்த வழியாகப் போகிறது, எந்தக் கிளிப் எங்கே இருக்கிறது, எந்த போல்ட் தலையில் ஆலையில் வைத்த பெயின்ட் பொட்டு இன்னும் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போங்கள். இந்த வண்டியில் இன்ஜின் நம்பர் இடது பக்கம், ஆயில் குச்சிக்கு மேலே அடித்திருக்கும். பிரேம் நம்பர் ஸ்டீயரிங் தலையில். இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் ஆலையை விட்டு வந்த ஜோடி இன்னும் பிரியவில்லை என்று அர்த்தம். அப்படி இருந்தால் மேலும் நிதானமாக வேலை செய்யுங்கள்.

சீட்டைத் தூக்கிப் பாருங்கள். டூல் கிட், கைப்பம்பு, பழைய பில், மடித்த வரைபடம் என்று என்ன கிடைத்தாலும் எடுத்து வைத்துவிடுங்கள், குப்பை என்று எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து எலி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும் இப்போதே. சைலன்சர் வாயிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். அந்தக் கூட்டோடு இன்ஜினைச் சுற்றினால் பஞ்சும் உமியும் நேராக வால்வுக்குப் போகும்.

இன்ஜின் சுற்றுகிறதா

"கிக்கரை ஒரு உதை உதைத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா?" என்று எல்லோரும் கேட்பார்கள். உதைக்காதீர்கள். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் சிலிண்டர் சுவரில் ஒட்டியிருந்தால் அந்த ஒரு உதையில் ரிங் உடையலாம், சுவரில் கீறல் விழலாம்.

இரண்டு பிளக்கையும் கழற்றுங்கள், கழற்றும் முன் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிடுங்கள். ஓட்டை வழியாக ஊடுருவும் எண்ணெய் விட வேண்டும். பாக்ஸர் இன்ஜினில் ஒரு சிக்கல், சிலிண்டர் படுத்திருப்பதால் ஊற்றிய எண்ணெய் அடிச்சுவரிலேயே தேங்கிவிடும், மேல்சுவரில் இருக்கும் ரிங் காய்ந்தபடியே இருக்கும். அதனால் வளைந்த குழாய் வைத்த ஸ்பிரேயால் மேல் பக்கமாகப் பார்த்து அடியுங்கள். இரண்டு மூன்று நாள் விடுங்கள். தினமும் கொஞ்சம் சேருங்கள்.

அப்புறம் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியர் போட்டு, பின் சக்கரத்தை ஓடும் திசையில் கையால் மெதுவாக அழுத்துங்கள். என் வண்டியில் முதல் நாள் அசையவே இல்லை. மூன்றாம் நாள் காலை, பெரிதாக அழுத்தக்கூட இல்லை, விரல் நுனியில் ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தது மாதிரி அரை அங்குலம் நகர்ந்தது. அங்கேயே நிறுத்திவிட்டு மறுபடி எண்ணெய் விட்டேன். அன்று மாலை முழுச் சுற்று வந்தது. சக்கரத்தில் கை வைத்துச் செய்தால் எங்கே இறுக்கம், எங்கே தளர்வு என்று கையே சொல்லிவிடும், அந்த உணர்வு நீளமான ஸ்பேனரில் கிடைக்காது.

ஒரு வாரமாகியும் அசையவில்லை என்றால் வலுவைக் காட்ட வேண்டாம். ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றிப் பாருங்கள். இந்த இன்ஜினில் அது வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், மற்ற வண்டிகளை விட எளிதான வேலை.

நான்கு இடத்தில் எண்ணெய்

இன்ஜின், கியர்பாக்ஸ், ஷாஃப்ட், பின் சக்கரத்தைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டியான ஃபைனல் டிரைவ் என நான்கு இடத்திலும் தனித்தனி எண்ணெய். நான்கையும் வெவ்வேறு தட்டில் வடியுங்கள். ஒரே பாத்திரத்தில் கலந்துவிட்டால் எது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. காந்தத்தை உள்ளே விட்டுத் துழாவுங்கள். சாம்பல் நிறத்தில் மென்மையான தூள் ஒட்டினால் அது சாதாரணத் தேய்மானம். நகத்தில் தட்டுப்படும் சில்லு வந்தால் நிறுத்திவிட்டு உள்ளே பார்க்க வேண்டும்.

கியர்பாக்ஸ் எண்ணெய் பால் மாதிரி வெளுத்து வந்தால் பயந்துவிடாதீர்கள், தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸுக்குள் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் உறை உண்டு. அது வெடித்திருந்தால் மழைத் தண்ணீர் கேபிள் வழியாக நேரே உள்ளே போகும். உறையை மாற்றி, மலிவான எண்ணெய் ஊற்றிக் கொஞ்சம் சுற்றி மறுபடி வடித்துவிட்டால் போதும்.

இன்ஜினுக்கு ஃபில்டர் மாற்றினால் ஏறக்குறைய 2.25 லிட்டர் 20டபிள்யூ-50, கியர்பாக்ஸுக்கு 0.8 லிட்டர் 80டபிள்யூ-90 கியர் ஆயில், ஃபைனல் டிரைவுக்குக் கால் லிட்டர். ஷாஃப்டை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள், அதன் அளவு வருஷத்துக்கு வருஷம் மாறியிருப்பதால் பிரேம் நம்பரைப் பார்த்து ஊற்றுங்கள். ஃபில்டர் மூடியின் ஓரிங்கையும் அதன் அடியில் இருக்கும் வளையங்களையும் எந்த வரிசையில் வந்ததோ அதே வரிசையில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சீல் சரியாக உட்காராவிட்டால் ஆயில் பிரஷர் பேரிங்குக்குப் போகாமல் வழியிலேயே நழுவிவிடும்.

பெட்ரோல் டேங்க்

உள்ளே துரு, வெளியே அசல் பெயின்ட், இரண்டுக்கும் நடுவில் மெல்லிய தகடு. மிக ஜாக்கிரதையாகச் செய்ய வேண்டிய வேலை இதுதான். டேங்க் முழுவதையும் பிளாஸ்டிக் தாளால் சுற்றி, வாயைச் சுற்றி வாஸ்லின் கனமாகத் தடவிவிட்டு ஆரம்பியுங்கள். வெந்நீரில் லிட்டருக்கு 50 கிராம் அளவில் சிட்ரிக் அமிலம் கரைத்து நிரப்பி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் கொட்டிவிட்டு, சமையல் சோடா கலந்த தண்ணீரால் இரண்டு முறை அலசி, சூடான காற்று ஊதி, காய்ந்த கையோடு டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்த பெட்ரோலைச் சுழற்றிவிடுங்கள். காய வைக்கத் தாமதித்தால் ஒரு மணி நேரத்திலேயே ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு பூத்துவிடும். ஓட்டை இல்லாத டேங்குக்கு உள்பூச்சு ரசாயனம் ஊற்றுவதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். சில வருஷம் கழித்து அது தோல்தோலாக உரிந்து கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் நுண்துளையான ஜெட்டை அடைத்தால் எடுப்பது பெரும்பாடு.

கார்புரேட்டர்

ஆர்75/5-இல் இரண்டு பிங் கார்புரேட்டர், 32 மி.மீ., வேக்குவத்தில் பிஸ்டன் மேலேறும் வகை. அடிக் கிண்ணம் ஒரு கம்பிக் கிளிப்பில்தான் நிற்கிறது, ஸ்க்ரூடிரைவரே வேண்டாம், விரலால் தள்ளினால் கையில் வந்துவிடும். சாலை ஓரத்தில் நின்று வேலை செய்கிற பயணியை நினைத்து வடிவமைத்தது மாதிரி இருக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு கார்புரேட்டரை மட்டும் பிரியுங்கள். இன்னொன்று முழுசாக இருந்தால் சந்தேகம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். மேல் மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் டயஃபிரத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் அந்தப் பக்கத்து சிலிண்டர் மேல் வேகத்தில் ஏறாது, ஆட்கள் இதைத் தெரியாமல் மின்சாரத்தில் குற்றம் தேடிக்கொண்டிருப்பார்கள். திரும்ப வைக்கும்போது டயஃபிரத்தில் இருக்கும் சின்ன மேடு அதற்கான பள்ளத்தில் உட்கார வேண்டும். ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். கிளீனரில் ஊறவைத்துக் காற்று ஊதுங்கள், அடைப்பு அப்படியும் போகவில்லை என்றால் புதிது வாங்குங்கள். ஓரிங், ஃப்ளோட் ஊசி, பெட்ரோல் டியூப் மூன்றையும் யோசிக்காமல் மாற்றுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது.

காற்று வழியைத் திறந்து மூடும் பட்டர்ஃபிளை தகட்டின் ஸ்க்ரூவைத் தேவையில்லாமல் தொட வேண்டாம். கார்புரேட்டர் உடம்பின் மேல் இருக்கும் மங்கிய சாம்பல் நிறத்தையும் பளபளப்பாக்க வேண்டாம்.

வால்வும் பாயின்ட்டும்

இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். முதலில் சிலிண்டர் ஹெட் நட்டுகளை டார்க் ரென்ச்சில் 35 நியூட்டன் மீட்டருக்குச் சரிபாருங்கள், வால்வு அட்ஜஸ்ட்மென்ட் அதற்கு அப்புறம்தான். வரிசை மாறினால் வைத்த கிளியரன்ஸ் வீண். இன்னும் கொஞ்சம் இறுக்கலாமே என்று கை பரபரக்கும். அலுமினியக் கேசிலிருந்து ஸ்டட் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், வேண்டாம்.

இடது பக்கம் ஆயில் குச்சிக்குப் பின்னால் ஒரு ரப்பர் மூடி, அதை எடுத்தால் ஃப்ளைவீல் தெரியும். 'ஓ.டி.' குறி நடுவுக்கு வந்தால் இரண்டு பிஸ்டனும் வெளிமுனையில் இருக்கின்றன. எந்தப் பக்கம் வால்வை அழுத்தும் இரண்டு ராக்கரும் ஆட்டினால் தளர்வாக ஆடுகிறதோ அந்தப் பக்கத்தை இப்போது செய்ய வேண்டும். இன்லெட் 0.15 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.20 மி.மீ. ஃபீலர் கேஜ் வெண்ணெயில் கத்தி போவதுபோல லேசான பிடிப்போடு போய் வர வேண்டும். ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபக்கம். டேப்பட் சத்தம் கொஞ்சம் கேட்டால் நல்லதுதான், சத்தமே இல்லாமல் இறுக்கி வைத்த எக்ஸாஸ்ட் வால்வுதான் எரிந்துபோகும்.

பாயின்ட், அதாவது பிளக்கில் பொறி வருவதற்காகக் கரண்டைத் துண்டிக்கும் சின்ன ஸ்விட்ச், இன்ஜினின் முன் மூடிக்கு உள்ளே. அதைத் திறக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றியே ஆக வேண்டும். மூடியின் பின்னால் ஆல்டர்னேட்டர் கரண்டை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் டயோடு போர்டு இருக்கிறது, கரண்ட் வரும் முனையில் மூடி உரசினால் ஒரு பொறியோடு போர்டு போய்விடும். பாயின்ட் இடைவெளி 0.35-லிருந்து 0.40 மி.மீ. வேகம் கூடும்போது பொறியை முன்கூட்டியே வரவைக்கும் அட்வான்ஸ் யூனிட் உட்காருவது கேம்ஷாஃப்டின் மெல்லிய மூக்கில். அந்தச் சின்ன நட்டை விரலுக்குக் கொஞ்சம் மேல் என்ற அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். மூக்கு உடைந்தால் கேம்ஷாஃப்டே போச்சு. டைமிங்குக்கு ஒரு பல்பு போதும். பாயின்ட்டுக்கும் எர்த்துக்கும் நடுவே மாட்டி, சாவி போட்டுக்கொண்டு சுற்றுங்கள், ஃப்ளைவீலில் பொறி வர வேண்டிய இடத்தைக் காட்டும் 'எஸ்' குறி வரும் நேரத்தில் பல்பு எரிய வேண்டும்.

மின்சாரத்தில் இன்னொன்று. சாவி போட்டதும் சார்ஜ் விளக்கு எரியவில்லை என்றால் அந்தக் குட்டி பல்பை உடனே மாற்றுங்கள். ஆல்டர்னேட்டருக்கு முதல் கரண்ட் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு போய்விட்டால் சார்ஜே ஆகாது, பேட்டரி மேல் பேட்டரி வாங்கிக்கொண்டிருப்பீர்கள். மற்றபடி ஹெட்லைட் கிண்ணத்துக்குள் இருக்கும் எல்லா இணைப்பையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுங்கள். வயரிங்கை மொத்தமாக மாற்ற வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

பிரேக், டயர்

இதில் மட்டும் அசல், பழமை என்று எதையும் பார்க்காதீர்கள். டயரில் தயாரிப்புத் தேதி மூன்று இலக்கமாக இருந்தால் அது 2000-க்கு முந்தையது. கட்டை எவ்வளவு நன்றாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள், டியூபையும் சேர்த்து. முன்னால் 3.25-19, பின்னால் 4.00-18. பழைய பிரேக் ஷூவில் ஒட்டிய லைனிங் காலப்போக்கில் பசை விட்டுப் பெயர்ந்து டிரம்முக்குள் சிக்கிக்கொள்ளும், ஓடும்போது சக்கரமே நின்றுவிடும். புதிதாக லைனிங் ஒட்டுங்கள். அந்தக் காலத்துத் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், காற்று ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள். கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர் கேபிள்கள் எல்லாமே புதிது. ஹேண்டிலை இடமும் வலமும் மெதுவாகத் திருப்பும்போது நடுவில் பள்ளத்தில் விழுவது மாதிரி இருந்தால் ஸ்டீயரிங் பேரிங்கையும் மாற்றுங்கள்.

முதல் ஸ்டார்ட்

வீட்டுக்கு வெளியே, தீயணைப்பான் பக்கத்தில். பிளக் இல்லாமலேயே செல்ஃப் அடித்து ஆயில் விளக்கு அணையும்வரை சுற்றுங்கள், அப்புறம் பிளக். டேங்குக்குப் பதில் சின்ன பாட்டிலில் இரண்டு கார்புரேட்டருக்கும் பெட்ரோல் கொடுங்கள். இந்த வண்டியின் சாவி ஆணி மாதிரி இருக்கும், ஹெட்லைட்டின் மேல் அதை அழுத்தி இறக்க வேண்டும். அழுத்தினேன், சார்ஜ் விளக்கும் ஆயில் விளக்கும் எரிந்தன. செல்ஃபில் மூன்றாவது சுற்றில் வலது பக்கம் மட்டும் இருமியது, நான்காவதில் இடதும் சேர்ந்துகொண்டது. ஆக்ஸிலேட்டரைச் சற்றே திருகினேன், வண்டி முழுவதும் வலப்பக்கமாக ஒரு முறை தோளைக் குலுக்கியது. நீளவாட்டில் சுழலும் கிராங்கின் வேலை அது. அந்தக் குலுக்கலைக் கால் நடுவில் உணர்ந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டு நிமிஷத்துக்கு மேல் நின்ற இடத்தில் ஓட விடாதீர்கள். காற்றில் குளிரும் இன்ஜின், முன்னால் ஒரு ஃபேனாவது வையுங்கள். இடது சைலன்சரில் மட்டும் புகை வந்தால், முந்தைய இரவு சைடு ஸ்டாண்டில் நின்றதா என்று யோசித்துப் பாருங்கள்; சாய்ந்த பக்கம் எண்ணெய் வடிந்து இடது சிலிண்டருக்குள் சேரும், புகை கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும்.

எதை விட்டுவைப்பது

இப்போதுதான் சோப்புத் தண்ணீர். பிரஷர் வாஷர் வேண்டாம், மிதமான சோப்பு, மெத்தென்ற துணி, மெழுகு. குரோமில் இருக்கும் துருப்புள்ளியை அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். இன்ஜின் கேசை பாலிஷ் போட்டுக் கண்ணாடி ஆக்காதீர்கள், ஆலையிலேயே அது மங்கலாகத்தான் வந்தது.

டேங்கின் ஓரமாக ஓடும் வெள்ளைக் கோட்டைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். கையால், பிரஷ் பிடித்து இழுத்தது. என் டேங்கில் இடது முழங்கால் படும் இடத்துக்கு மேலே, கோடு வளைந்து தன்னோடு சேரும் இடத்தில், அரிசி நீளத்துக்கு மட்டும் கொஞ்சம் தடித்திருக்கிறது. பிரஷ்ஷை அங்கேதான் வைத்து எடுத்திருக்க வேண்டும். அதற்குக் கீழே கறுப்பு பெயின்ட் தேய்ந்து தகடு தெரிகிறது, யாரோ பல்லாயிரம் கிலோமீட்டர் முழங்காலை ஒட்டி உட்கார்ந்து போன தடம். பெயின்ட் அடிக்கக் கொடுத்தால் இரண்டும் ஒரே நாளில் போய்விடும். தகடு தெரியும் இடத்தில் மெழுகை மாதம் ஒரு முறை பூசுகிறேன், துரு பரவவில்லை. பக்கப் பெட்டி உரசிய கீறல், பெட்ரோல் வழிந்த மஞ்சள் தடம், ஸ்டிக்கரின் பாதி எல்லாம் இருக்கட்டும். சீட் உறை கிழிந்திருந்தால் உள்ளிருந்து துணி கொடுத்துத் தையுங்கள். மாற்றியே ஆக வேண்டிய பாகம் என்றால் பழையதைப் பேர் எழுதிப் பெட்டியில் வையுங்கள்.

ஓட்டும்போது

முதல் நாள் வீட்டைச் சுற்றி 10 கிலோமீட்டர். நிறுத்தி, சூடு ஆறியதும் எல்லா நட்டையும் தொட்டுப் பாருங்கள். அப்புறம் 50, அப்புறம் 200. ஏறக்குறைய 500 ஆனதும் ஹெட் டார்க், வால்வு, எண்ணெய் மூன்றும் மறுபடி. கிளட்ச் கனமாகப் பிடித்தால், கியர் மாறும்போது இழுத்தால், கியர்பாக்ஸைப் பின்னுக்குத் தள்ளி அதன் உள்வரும் ஷாஃப்டின் பற்களுக்கு மாலி (மாலிப்டினம் கலந்த) கிரீஸ் தடவும் நேரம் வந்துவிட்டது.

கியரை அவசரப்படுத்தாதீர்கள். ஃப்ளைவீல் கனம், வேகம் இறங்க நேரம் எடுக்கும். ஒரு மூச்சு விட்டு மாற்றினால் சத்தமில்லாமல் விழும். ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் ஷாஃப்ட் பின்பக்கத்தைத் தூக்கும், விட்டால் இறக்கும். ஜெர்மானியர்கள் இதற்காகவே இதை ரப்பர் பசு என்று கூப்பிடுவார்கள். வளைவுக்கு நடுவில் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மூடாதீர்கள், வண்டி இறங்கித் தடம் விலகும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே லேசாகத் திறந்தபடி போனால் அவ்வளவு நிம்மதியாகப் போகும். நான்காவது கியரில் மணிக்கு 80-இல் இரண்டு சிலிண்டரும் ஒரே தாளத்துக்கு வரும், அங்கிருந்து நாள் முழுக்கப் போகலாம் என்று தோன்றும்.

வீடு வந்ததும் இரண்டு பெட்ரோல் டேப்பையும் மூடி, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் கிலோமீட்டரும் கண்ணில் பட்டதும் எழுதுங்கள். என் நோட்டில் நேற்று எழுதியது: வலது டேப்புக்கு அடியில் ஈரம், நாற்றம் இல்லை, பெட்ரோலா தண்ணீரா தெரியவில்லை. காலையில் அடியில் ஒரு வெள்ளைத் தாள் விரித்து வைத்திருக்கிறேன்.